பெல்ட் துடைக்கிறவன்

ஐப்பசி அடைமழையில் கம்பெனி லாரியிலிருந்து இறங்கிய புது சூப்பர்வைசர் சடகோபனுக்கு, காலைக் கீழே வைத்ததுமே அந்தக் குவாரி பிடிக்கவில்லை. செருப்பு வெள்ளைச் சேற்றில் கணுக்கால் வரை புதைந்தது. சுண்ணாம்புக்கல் பொடியும் மழைத் தண்ணீரும் குழைந்த அந்தக் களி ஒட்டினால் லேசில் விடாது. ஸ்ரீரங்கத்தில் ஸ்நானம் செய்து, திருமண் இட்டு, தேய்த்த கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், கொள்ளிடம் தாண்டி வடக்கே வந்து இப்படிச் சேற்றில் நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று மூக்கைச் சுளித்தார்.

அவருக்கு எதுதான் பிடித்தது? மேனேஜரைப் பார்த்தார், சிபாரிசில் வந்த மண்டு என்று முடிவு கட்டினார். குமாஸ்தாவைப் பார்த்தார், தண்டச்சோறு. கூலி ஆட்களை அவர் பார்க்கவே இல்லை. இயந்திரப் படிப்பில் ஒரு டிப்ளமா வாங்கிய நாளிலிருந்து உலகம் முழுக்கத் தமக்குக் கீழ்ப்படியில்தான் நிற்கிறது என்பது அவருடைய திடமான எண்ணம். அந்த எண்ணத்துக்கு விலக்கு ஒரே ஒரு ஜீவன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு பிறந்த ஆண் குழந்தை. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதன் தொட்டிலருகே மட்டும் சடகோபன் குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். யுத்த காலம், சிமெண்ட்டுக்குக் கல் கேட்டு நெருக்குகிறார்கள். பகலில் வேகன் நிரம்புகிறது, ராத்திரியில் பெல்ட் ஓட மறுக்கிறது. ராத்திரி ஷிப்டை ஓட்டிக் காட்டினால் திருச்சி ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

அந்தப் பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடைத்த கல்லை மலையாகக் குவித்திருந்தார்கள். குவியலுக்கு அடியில் கருங்கல்லில் கட்டிய நீண்ட குகை. மேலிருந்து துவாரங்கள் வழியே கல் இறங்கி, குகைக்குள் ஓடும் ரப்பர் பெல்ட்டில் விழும். பெல்ட் அதைச் சுமந்துபோய் ரயில் வேகனில் கொட்டும். மழை பெய்தால் கல்லோடு தண்ணீரும் இறங்கும். நனைந்த பெல்ட் உருளையைப் பிடிக்காது. உருளை சுற்றும், பெல்ட் வழுக்கி நிற்கும். மேலே தகரக் கூரை போட்டுப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். யுத்தத்தில் தகரம் கிடைக்கவில்லை என்றது கம்பெனி. மேனேஜர் பங்களாவின் கார் ஷெட்டுக்கு மட்டும் எப்படியோ கிடைத்தது. ஆகவே தகரத்தைவிட மலிவான ஒன்றைக் குகைக்குள் போட்டார்கள். ஓர் ஆளைப் போட்டார்கள்.

குகையின் உள்கோடியில், பெல்ட் அடிப்பக்கமாகத் திரும்பும் இடத்தில் அவன் குந்தியிருக்க வேண்டும். கோணிச் சாக்கு சுற்றிய பலகையைப் பெல்ட்டில் அழுத்திப் பிடித்துத் தண்ணீரை வழிக்க வேண்டும். சாக்கு நனைந்ததும் பிழிந்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். நாள் பூராவும் அதுதான் உத்தியோகம்.

சடகோபன் பெல்ட் வெளியே வரும் இடத்துக்குப் போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் உலர்ந்த புழுதி ஒட்டியது. பக்கத்தில் பெல்ட் மேஸ்திரி மீரான், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தான். வயதில் சடகோபனின் தகப்பனார் மாதிரி இருந்தான்.

“யாருடா உள்ளே துடைக்கிறது?”

“தங்கையனுங்க அய்யா.”

“கூப்பிடு அவனை.”

மீரான் தயங்கினான். “சாயங்காலம்தாங்க கூப்பிடுவோம். அவன் போன வருசம் ஐப்பசியிலேயே மவுத்தாயிட்டாங்க.”

மீரான் சொன்ன கதை இது. தங்கையன் பச்சைமலை அடிவாரத்துக்காரன். குகைக்குள் ஒன்றும் கேட்காது, கண்ணிலும் களி அப்பிவிடும். பொழுது போனது அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் மேஸ்திரி குகை வாசலில் நின்று, போதும், வந்துவிடு என்று கூப்பிட்டு, இருட்டுக்குள் கையை நீட்ட வேண்டும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வழுக்குப் படியில் அவன் ஏறி வருவான். கூப்பிடாமல் வந்தால் கூலி கிடையாது என்று கம்பெனி உத்தரவு. பெருநாளன்று மீரான் லீவில் போனான். கூப்பிட வேண்டியவர்கள் மறந்துவிட்டார்கள். தங்கையன் துடைத்துக்கொண்டே இருந்தான். கை ஓய்ந்த நேரத்தில் உருளை அவனை இழுத்துக்கொண்டது.

“அதுக்கப்புறம் அங்க யாரையும் நாங்க உட்கார வைக்கலீங்க. ஆனா பெல்ட்டு காஞ்சேதான் வருது. சாயங்காலம் நான் கூப்பிட்டுக் கை குடுத்துருவேன். அப்புறம் நனைஞ்சிரும்.”

சடகோபன் சிரித்தார். இந்த மாதிரிக் கதையை நம்ப அவர் என்ன இன்னொரு மேனேஜரா? விஷயம் அவருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. உள்ளே ஒருவனை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் பார்க்கச் சோம்பல்பட்டு, பொழுது சாய்ந்ததும் அவனை வேறு வழியாக வெளியே அனுப்பிவிட்டுப் பேய் என்கிறார்கள். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அவரே குகை வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். ஈரச் சுண்ணாம்பு நெடியும் மட்கிய சாக்கின் வாடையும் உள்ளேயிருந்து வந்தன.

“போதும் தங்கையா. வந்துடு.”

இப்படிக் கூப்பிட்டுவிட்டு மீரான் வலது கையை இருட்டுக்குள் நீட்டினான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு யாரையோ பிடித்து ஏற்றுகிறவனைப் போல ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி வெளிச்சத்துக்கு வந்து, விரல்களை மெதுவாக விரித்தான். உள்ளங்கையில் வெள்ளைக் களி இருந்தது. முன்கூட்டியே பூசிக்கொண்டு வந்திருக்கிறான், கேடி, என்று நினைத்துக்கொண்டார் சடகோபன். அன்று ராத்திரி பெல்ட் நனைந்து வழுக்கியது.

மறுநாள் மாலை மீரான் கூப்பிட வாயைத் திறக்குமுன் சடகோபன் அவனை ஒதுக்கித் தள்ளினார். வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

“போதாது. இன்னும் துடைடா. ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது.”

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு, சாக்கை முறுக்கிப் பிழியும் சத்தம். தண்ணீர் சளசளவென்று விழுந்தது. மறுபடியும் பெல்ட்டில் சாக்கு அழுந்தியது.

சடகோபனுக்குப் பரம திருப்தி. ஒளிந்திருக்கிறவனைப் பிடிக்க மறுகோடி வழியாக இரண்டு ஆட்களை லாந்தரோடு அனுப்பினார். அவர்கள் போன வேகத்தில் திரும்பி, யாரும் இல்லை என்றார்கள். பயந்தாங்கொள்ளிகள், பாதி வழியிலேயே திரும்பியிருப்பார்கள்.

மீரான் தலையிலிருந்த சாக்கை எடுத்து மடித்துக் கீழே வைத்தான். “நாளையிலேந்து நான் வரலீங்க அய்யா. அந்த வார்த்தைய நீங்க சொல்லியிருக்கக் கூடாது.”

“போயேன். யார் உன்னைத் தாங்குறா?”

ராத்திரி ஷிப்ட் ஓடியது. மறுநாளும், அதற்கு மறுநாளும் ஓடியது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். கூப்பிடுகிற வழக்கத்தை ஒழித்ததாக மனைவி வைதேஹியிடம் பெருமையடித்துக்கொண்ட சடகோபன், திருச்சி ஆபீசில் ஜன்னலோரம் நாற்காலி கிடைக்குமா என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் கூஜா காலியானது. வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த தண்ணீர், மூடி திறக்குமுன்பே இல்லை. குமாஸ்தா குடித்துவிட்டான் என்று அவனை வைதார். தயிர் சாதம் வறண்டு பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. வைதேஹிக்குக் கை சுருங்கிவிட்டது, தயிரில் கஞ்சத்தனம் செய்கிறாள் என்று அன்று மாலை அவளையும் வைதார்.

மறுநாள் விடிகாலை சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தார். உள்ளங்கையில் தீர்த்தம் விட்டுக்கொண்டார். வாயருகே கொண்டுபோனபோது கை உலர்ந்திருந்தது.

மறுபடி விட்டுக்கொண்டார்.

ஈரமான சொரசொரப்பான ஏதோ ஒன்று உள்ளங்கையை ஒரு தடவை வழித்துக்கொண்டு போனது.

தூக்கக் கலக்கம் என்று உதறிவிட்டு எழுந்தார். அந்த வாரம் அவர் வீட்டில் பிழிந்து போட்ட வேஷ்டி கொடியில் ஏறுமுன்பே காய்ந்தது. வைதேஹி தயங்கித் தயங்கி வேறொன்று சொன்னாள்.

“ஏன்னா, தொட்டில் துணி நனையவே மாட்டேங்கறது. காத்தாலேந்து ஒண்ணுமே போகலை.”

“சமத்துக் குழந்தைன்னு சந்தோஷப்படு.”

மாலையில் வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. மார்பில் பால் வற்றிவிட்டது. குழந்தை அழுதது, அழுகையில் சத்தம் குறைந்து காற்றுதான் வந்தது. டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் நீரே இல்லை, உடனே எதையாவது புகட்டுங்கள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியத்தைச் சொல்லிவிட்டுக் குதிரை வண்டியேறிப் போய்விட்டார்.

வைதேஹி பசும்பால் காய்ச்சிப் பாலாடைச் சங்கில் ஊற்றினாள். குழந்தையின் வாயில் சாய்த்தாள். பாலாடையின் மூக்கு வரை வந்த பால் உதட்டைத் தொடவில்லை. சிந்தவும் இல்லை. யாரோ வழித்தெடுத்தாற்போல் பாலாடை காய்ந்து கிடந்தது.

மறுபடி ஊற்றினாள். மறுபடியும் காய்ந்தது.

கொல்லைப்புறத்தில் யாரோ சாக்கைப் பிழிந்தார்கள்.

சடகோபன் விளக்கை எடுத்துக்கொண்டு போனார். துவைக்கிற கல்லுக்கு அடியில் வெள்ளையாகத் தேங்கியிருந்தது. குனிந்து முகர்ந்தார். பால் வாசனை. அதோடு ஈரச் சுண்ணாம்பு நெடி.

ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது என்று அவருக்கு நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தை செத்துவிடும் என்று அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

விடிந்ததும் ஜட்கா பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிக் காந்தி மார்க்கெட்டுக்கு ஓடினார். மீரான் அங்கே மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தார். வெங்காய மண்டி வாசலில், முதுகில் மூட்டையோடு அவன் வந்தான். சடகோபன் கோட் இல்லாமல், நாக்கு அண்ணத்தில் ஒட்ட ஒட்ட விஷயத்தைச் சொன்னார். ‘டா’ போடவில்லை என்பதை அவர் கவனிக்காவிட்டாலும் மீரான் கவனித்தான்.

“நீ வந்து கூப்பிடணும் மீரான்.”

“நான் கூப்பிட்டா வரமாட்டான். அவனுக்கு வேலை சொன்னது நீங்க. நீங்கதான் போதும்னு சொல்லணும்.”

“சொல்றேன்.”

“சொன்னா மட்டும் பத்தாதுங்க. கையக் குடுக்கணும். அவனுக்குக் கண்ணு தெரியாது. அவன் பிடிச்சா, வெளிச்சத்துக்கு வர்ற வரைக்கும் விட்ராதீங்க. அங்க வந்ததும் அவனே விட்ருவான்.”

சடகோபன் தலையாட்டினார். மீரான் அவருடைய கையை ஒரு பார்வை பார்த்தான்.

“அந்தக் கையை இதுவரைக்கும் எங்க ஆளுங்க யாருக்காச்சும் நீட்டியிருக்கீங்களா அய்யா?”

கேட்டுவிட்டு அவன் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. மழை விடவில்லை. சடகோபன் பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். சூப்பர்வைசர் வெறுங்காலோடு வந்திருப்பதைப் பார்த்து ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர் குகைக்குள் படியிறங்கினார். வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கிக்கொண்டே போனது. பெல்ட் நின்றுவிட்டது, ஆனால் உள்ளே சாக்கு தேய்கிற சத்தம் நிற்கவில்லை.

“ஏய், போதும்டா.”

சத்தம் தொடர்ந்தது. பழகிப்போன நாக்கு. எச்சில் விழுங்கப் பார்த்தார், வாயில் எச்சில் இல்லை.

“போதும் தங்கையா. வந்துடு.”

நின்றது.

இருட்டில் ஏதோ எழுந்திருக்கும் அசைவு. நெடுநேரம் குந்தியிருந்த முழங்கால் நெட்டி முறிந்தது. சேற்றில் பாதம் வைக்கும் ஒலி, மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக அவரை நோக்கி வந்தது. மட்கிய சாக்கின் வாடை முகத்தில் அடித்தது.

சடகோபன் வலது கையை நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். குழந்தையின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் யாரோ காற்றைத் துழாவினார்கள்.

பிறகு அந்தக் கை வந்து அவருடைய கையைப் பிடித்தது.

சில்லென்று களி அப்பிய கை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லா விரல்களும் இல்லை. இருந்தவை அவரை நம்பி இறுகப் பற்றின. நசுக்கும் பிடி அல்ல. வழுக்கிவிடுவோமோ என்று அஞ்சுகிறவனின் பிடி. சடகோபன் பின்வாங்கி, ஒரு படி ஏறினார். அதுவும் ஏறியது. இன்னொரு படி ஏறினார். பின்னாலிருந்து வெளிச்சம் வரத் தொடங்கியது. இன்னும் நாலடி வைத்தால் தீர்ந்தது.

“என்ன சடகோபன், யாருக்குக் கை குடுத்திண்டிருக்கீர்?”

மேனேஜர். பெல்ட் நின்றதைக் கேள்விப்பட்டுக் காரில் வந்திருக்கிறார். குடை பிடித்த பியூனோடு குகை வாசலில் நின்று கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாவும் எட்டிப் பார்த்தான். கூலி ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

சடகோபனுக்குக் காது மடல் சுட்டது. ஒரு க்ஷணம்தான். அந்த க்ஷணத்தில் பேய்ப் பயம்கூட அவருக்கு இல்லை. இந்த மண்டு மேனேஜர், இந்தத் தண்டச்சோற்றுக் குமாஸ்தா, இவர்கள் கண்முன்னால் தாம் ஒரு கூலிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்ற வெட்கம்தான் இருந்தது. அந்த மனுஷருக்குக் குழந்தையைவிட அது பெரிதாகப் போயிற்று.

கையை உதறினார்.

உதறியதோடு நிற்காமல் வேஷ்டியில் அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லை சார். பெல்ட் நனையறதான்னு பார்த்தேன்.”

பின்னால் படியில் எதுவும் விழவில்லை, ஓடவில்லை. சத்தமே இல்லை. சடகோபன் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறி வந்தார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். ரேழியில் கால் வைக்கும்போதே வைதேஹியின் குரல் கேட்டது. தாலாட்டு.

பால் சுரந்துவிட்டது. மத்தியானம் திடீரென்று மார்பு கனத்ததாம். குழந்தை வயிறு முட்டக் குடித்து, தொட்டில் துணியை இரண்டு தடவை நனைத்துவிட்டது. வைதேஹி சிரிப்பும் அழுகையுமாகப் பெருமாளுக்குத் தளிகை விடுவதாக வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். சடகோபன் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மடக் மடக்கென்று தொண்டையில் இறங்கியது. குளித்தார். உடம்பு நனைந்தது.

குளித்து வேறு வேஷ்டி உடுத்தி வந்து உட்கார்ந்தபோது அவர் பழைய சடகோபனாகிவிட்டார். எல்லாம் உஷ்ணம், மழைக்காலத்துக் காய்ச்சல், மனப்பிராந்தி. ஒரு மூட்டை தூக்குகிறவன் பேச்சைக் கேட்டுக் குகைக்குள் கை நீட்டிக்கொண்டு நின்றதை நினைத்துத் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டார். உதறினால் என்ன, உதறிவிட்டார், என்ன ஆகிவிட்டது? ராத்திரி ஷிப்டுக்கு வேறு ஆளை உள்ளே உட்கார வைத்துவிட வேண்டியதுதான். பத்துப் பேர் வேலைக்கு அலைகிறான்கள்.

வைதேஹி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்தினாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. முற்றத்தில் தூவானம் விழுந்துகொண்டிருந்தது. வயிறு நிரம்பிய குழந்தை கடைவாயில் கொஞ்சம் பாலைக் கக்கியது. பால் மோவாயில் வழிந்தது.

“அடடே,” என்று சடகோபன் குரலைத் தாழ்த்திச் சொல்லி, தோளிலிருந்த உத்தரீயத்தின் நுனியை எடுத்தார்.

அவர் கை போவதற்குள் பால் துடைபட்டது.

மெதுவாக, இடமிருந்து வலமாக. குழந்தையின் கீழுதடு அதோடு சேர்ந்து ஒரு பக்கமாக இழுபட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்தது. மோவாயில் வெள்ளைக் களி மெல்லிசாகத் தீற்றியிருந்தது. கழுத்து மடிப்பில் ஒரு சொட்டு மிச்சமிருந்தது. அதுவும் துடைபட்டது.

சடகோபனின் பிடரியில் சில்லென்று மூச்சு பட்டது.

“போதும்,” என்றார். உதடுதான் அசைந்தது.

குழந்தை அழவில்லை. அவருடைய தோளுக்கு மேலே எதையோ பார்த்து, கையைக் காலை உதைத்துக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

வைதேஹி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று பூரித்துப்போனாள். “பாருங்கோன்னா, முதல் சிரிப்பு. அப்பாவை அடையாளம் தெரிஞ்சுடுத்து.”

குழந்தை பிஞ்சுக் கையைத் தூக்கி நீட்டியது. அந்தச் சின்ன விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டு மூடின. சடகோபனின் இரண்டு கைகளும் குழந்தையின் முதுகுக்கு அடியில் இருந்தன.